யாருடைய கடிகாரம்?

இரவில் உறங்கி, பகலில் விழிக்கும்படி மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பலர் சேர்ந்து வாழும் ஊரில் யாருடைய கடிகாரம் யாருக்காக வளைகிறது? நம் நாட்டில் அதைச் சாதி தீர்மானித்தது.

திருநெல்வேலி மாவட்டத்தின் புதிரை வண்ணார்களைப் பற்றி 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழில் ஒரு செய்தி வந்தது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று, பகலில் அவர்கள் வெளியே வரத் தடை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் துணி வெளுத்தார்கள். பேசச் சென்றவர்கள் அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரவைக்கவே பெரும்பாடு பட்டார்கள். ஊர் விழித்திருக்கையில் ஒளிந்தார்கள். ஊர் உறங்குகையில் உழைத்தார்கள்.

அவர்கள் வெளுத்தது யாருடைய துணி? தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட நம்முடைய துணி. இதை நாம் மறைக்கக் கூடாது.

இன்றும் விடியுமுன் தெருக் கூட்டப் போகிறார்கள் நம் பெண்கள். நாமோ இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ‘அவர்கள் வருவதே இல்லை’ என்கிறோம். தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு எந்த நேரம் தோது என்று முதலில் அவர்களிடம் கேட்போம்.