செல்லுலார் சிறையும் தீம் பார்க் கலையும்: வலி நிறைந்த ஓர் இடத்தைச் சுற்றுலாத் தலமாக வடிவமைப்பது எப்படி?

அந்தமான் டூர் பேக்கேஜ் எதை எடுத்தாலும் ஒரு நாள் மாலை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்: செல்லுலார் சிறையில் ஒலி-ஒளிக் காட்சி.

இருட்டில் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பீர்கள். வளாகத்தில் உள்ள அரச மரம் பேசத் தொடங்கும். பல ஆண்டுகளாக அந்த மரத்துக்குக் குரலாக இருந்தவர் மறைந்த நடிகர் ஓம் புரி. சிறையின் ஒரு பகுதி மட்டும் ஒளிரும், மற்றதெல்லாம் இருட்டு. அழுகை வருகிறதோ இல்லையோ, மனசு கனத்துப்போகும்.

அந்த உணர்வு தற்செயலாக வருவதில்லை. எங்கே உட்கார வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும், யார் கதை சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். உலகின் பெரிய தீம் பார்க்குகளை உருவாக்குபவர்கள் செய்வதும் இதைத்தான்.

தீம் பார்க் என்றால் ராட்டினம் மட்டுமா?

இல்லை. பொருட்காட்சியில் ஜெயன்ட் வீல் ஏறினால் கிடைப்பது வேகமும் உயரமும். தீம் பார்க்கில் அதோடு ஒரு கதையும் கிடைக்கும். அந்தக் கதைக்குள் நீங்களே நடந்து போவீர்கள்.

1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அனாஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. பெரும்பாலும் சினிமா ஸ்டூடியோவில் வேலை செய்தவர்களே அதை வடிவமைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய மூன்று உத்திகளை இன்றும் உலகம் முழுக்கப் பார்க்கலாம்.

முதலாவது, வெளியுலகை மறைப்பது. பூங்காவைச் சுற்றி மண் மேடு எழுப்பி, நகரம் கண்ணில் படாமல் செய்தார்கள். இரண்டாவது, ஒரே நுழைவாயில். எல்லோருக்கும் கதை ஒரே இடத்தில் தொடங்கும். மூன்றாவது, தூரத்திலேயே கண்ணை இழுக்கும் ஓர் உயரமான பொருள். டிஸ்னிலேண்டில் அது 77 அடி உயரக் கோட்டை. இந்த உத்திக்கு வால்ட் டிஸ்னி வைத்த பெயர் 'வீனி'. சாசேஜைக் காட்டி நாயை நடக்க வைப்பது மாதிரி, உயரத்தைக் காட்டி மனிதர்களை நடக்க வைப்பது.

ஒலி-ஒளிக் காட்சி எங்கிருந்து வந்தது?

பிரான்ஸில் இருந்து. 1952-ல் ஷாம்போர் அரண்மனையில் பால் ராபர்ட்-ஹூதின் இதை முதன்முதலில் நடத்தினார். நடிகர்களே கிடையாது, கட்டடம்தான் நடிகர். மதுரைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. திருமலை நாயக்கர் மகாலில் இதே முறையில் சிலப்பதிகாரக் கதையைக் கேட்டிருப்பார்கள்.

மதுரையில் காட்சி தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. செல்லுலார் சிறையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15% பேரின் தாய்மொழி தமிழ். கதையை எந்த மொழியில் சொல்வது என்பதும் ஒரு டிசைன் முடிவுதான்.

சிறையே ஒரு டிசைன்

1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தச் சிறையில், நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு பிரிவுகள். மொத்தம் கிட்டத்தட்ட 700 தனியறைகள். ஓர் அறையின் அளவு சுமார் 4.5 மீட்டருக்கு 2.7 மீட்டர். ஜன்னல் கிடையாது, தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம் மட்டும்தான்.

ஒரு பிரிவின் அறைக் கதவுகள், அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எனவே ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. தனிமைதான் இங்கே தண்டனை. அதைச் செங்கல்லிலேயே வடிவமைத்துவிட்டார்கள்.

அன்று காவலர் எல்லோரையும் கண்காணிக்க நின்ற அதே கோபுரத்தை நோக்கித்தான் இன்று சுற்றுலாப் பயணி நடந்து போகிறார். அன்றைய கண்காணிப்பு மேடை, இன்றைய 'வீனி'. கட்டடம் மாறவில்லை, பார்வையின் திசை மாறிவிட்டது.

ஏழு பிரிவுகளில் இப்போது மூன்றுதான் மிச்சம். சிறை வளாகத்தில் 1963 முதல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இயங்குகிறது. 1979 பிப்ரவரி 11 அன்று சிறை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வலியைக் காட்சியாக்கலாமா?

இந்தக் கேள்வியில் டிஸ்னியே ஒருமுறை பின்வாங்கியது. 1993-ல் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் களத்துக்குப் பக்கத்தில் 'டிஸ்னிஸ் அமெரிக்கா' என்ற வரலாற்றுப் பூங்காவை அறிவித்தார்கள். அடிமை முறையையும் காட்சிப்படுத்தும் யோசனை இருந்தது. வரலாற்றாசிரியர்கள் கடுமையாக எதிர்க்க, 1994 செப்டம்பரில் அந்த இடத்தைக் கைவிட்டார்கள்.

செல்லுலார் சிறையில் 1933 உண்ணாவிரதத்தின்போது மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகியோர் உயிரிழந்தார்கள். அது நடந்த இடத்திலேயே அந்தக் கதையைச் சொல்வதற்கும், வேறொரு ஊரில் செட் போட்டுச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது நினைவேந்தலாக இருக்க முடியும். இரண்டாவது பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும் ஆபத்து அதிகம்.

எல்லை எங்கே?

அதே அந்தமானிலேயே பதில் இருக்கிறது. அந்தமான் ட்ரங்க் ரோடு, ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகதி வழியாகப் போகிறது. அதில் குறிப்பிட்ட நேரங்களில் வாகனங்கள் வரிசையாகப் போகும். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்களின் எண்ணிக்கை 400-க்கும் குறைவு. காப்புப் பகுதி வழியாகச் செல்லும் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. ஆனாலும் போக்குவரத்து தொடர்ந்தது. 2012-ல், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவா பெண்களை ஆட வைக்கும் வீடியோ வெளியாகி நாடே அதிர்ந்தது. 'மனித சஃபாரி' என்ற சொல் தலைப்புச் செய்தியானது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை விதித்தது, மார்ச்சில் அந்தத் தடை விலக்கப்பட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிர்ணயித்த பாதை, வரிசையாக வாகனங்கள், இருபுறமும் காடு, ஜன்னல் வழியே 'தெரிவார்களா' என்ற எதிர்பார்ப்பு. இது அப்படியே ஒரு ரைடின் வடிவம். டிஸ்னிலேண்டின் 'ஜங்கிள் குரூஸ்' ரைடிலும் பழங்குடியினர் கேலிச்சித்திரப் பொம்மைகளாக இருந்தார்கள். அவற்றை மாற்றப்போவதாக 2021-ல் டிஸ்னி அறிவித்தது. அங்கே பொம்மைகள், இங்கே உயிருள்ள மனிதர்கள்.

ஆக, கட்டடத்தை நடிகராக்கலாம், மரத்தைப் பேச வைக்கலாம். ஆனால் சம்மதம் கேட்கப்படாத மனிதர்களைக் காட்சிப் பொருளாக்க முடியாது.

அடுத்த முறை அந்தமான் போனால், காட்சிக்கு முன்பே பகலில் ஒருமுறை சிறைக்குப் போங்கள். ஓர் அறை வாசலில் நின்று எதிரே பாருங்கள். முகங்களே தெரியாத ஒரு சுவர்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இரவில் வந்து உட்கார்ந்தால், மரம் சொல்லும் கதை வேறு மாதிரி கேட்கும்.