மறைச்சு வச்ச பார்ட்டிஷனின் கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பா போன் பண்ணினார். 2008-ல வாங்கின விஸ்டா மடிக்கணினி, இன்னும் அதைத்தான் கட்டிக்கிட்டு அழறார். "டேய், கறுப்பா நிக்குது. மேல வரமாட்டேங்குது."

பாதித் தூக்கத்துல இருந்த நான், பொட்டி தட்டுறவனுக்கே உரிய மெத்தனத்தோட, "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கப்பா. லோகோ வரும்போது கீழ சொல்ற கீயை அமுக்குங்க. ரெகவரினு வரும், எல்லாத்துக்கும் சரி குடுத்துட்டே போங்க"னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துட்டேன். கால் மணி நேரம் கழிச்சு மறுபடியும் போன். "இமேஜ் கெட்டுப் போச்சாம்டா."

அப்பதான் தூக்கம் தெளிஞ்சது. அந்தப் பொட்டியில அப்பா பாமினி எழுத்துருவுல தட்டி வச்ச எழுபது கோப்பாவது இருக்கும். தாத்தா ஊரை விட்டு வந்த கதை, பங்காளித் தகராறு, அத்தைங்க கல்யாணத்துக்கு யார் யார் எவ்வளவு மொய் வச்சாங்கங்கிற கணக்கு. வேற எங்கயும் பிரதி கிடையாது. நான் சொன்ன ரெகவரி ஒழுங்கா ஓடியிருந்தா சி டிரைவைத் துடைச்சு, 2008-ல கடையில இருந்த கோலத்துக்குக் கொண்டு போயிருக்கும். நல்ல வேளை, இது முதல்ல இமேஜைச் சரிபார்த்துட்டுதான் ஃபார்மட் பண்ற ரகம். அவ்வ்வ்வ்!

நிற்க. மீட்புன்னு பேரு, ஆனா மீள்றது பொட்டி மட்டும்தான். இந்த விசித்திரம் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1995-ல விண்டோஸ் 95 வந்தப்ப ஃபிளாப்பியில வாங்கினா 13 தட்டு. புதுக் கணினியில அதை முன்னாடியே ஏத்தி விக்கிறப்ப பல நிறுவனங்கள் தட்டு தராம, "நீங்களே நகல் எடுத்துக்கோங்க"னு ஒரு சின்ன மென்பொருளை வச்சு அனுப்புனாங்க. வெத்து ஃபிளாப்பி வாங்கி ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டு எத்தனை பேர் முடிச்சிருப்பாங்க? அப்புறம் குறுந்தகடு வந்துச்சு. காம்பேக் 'குவிக் ரெஸ்டோர்'னு ஒரு தகடு குடுத்துச்சு. அது விண்டோஸை நிறுவாது. தொழிற்சாலையில வட்டு எப்படி இருந்துச்சோ அதை அப்படியே திருப்பி எழுதும்.

இந்த "அப்படியே" விஷயத்தைப் பிரபலமாக்கின மென்பொருள் கோஸ்ட். நியூசிலாந்துல மர்ரே ஹாஸார்ட் என்பவர் எழுதினது. 1998-ல சிமான்டெக் அவரோட நிறுவனத்தை வாங்கிடுச்சு. ஒரு வட்டை ஒரே கோப்பா சுருக்கி, ஆயிரம் வட்டுல கொட்டலாம். தொழிற்சாலைக்கு வேற என்ன வேணும்?

தகடு எப்படிக் காணாமப் போச்சுங்கிறதுதான் எனக்கு முக்கியமான இடம். 2000-ல மைக்ரோசாஃப்ட் பெரிய கணினி நிறுவனங்களுக்கான உரிம விதியை மாத்துச்சு. முழு விண்டோஸ் தகட்டைப் பொட்டியோட குடுக்கிறதுக்குப் பதிலா, அந்த நிறுவனத்தோட கணினியில மட்டும் ஓடுற ரெகவரி தகடோ, வட்டுக்குள்ளயே ஒரு இமேஜோ குடுக்கணும். சொன்ன காரணம் திருட்டு நகல். அதே சமயம் வட்டு விலை சரிஞ்சுட்டே வந்துச்சு. தகடு அடிச்சு, உறை போட்டு அனுப்புறதை விட வட்டுல நாலஞ்சு ஜிபியை ஒதுக்குறது மலிவு. அந்த நாலஞ்சு ஜிபியும் நம்ம காசுல வாங்கின வட்டுல போகுதுங்கிறதைக் கவனிங்க :-)

ஆளாளுக்கு ஒரு மறைவிடம். 2003-ல வந்த ஐபிஎம் திங்க்பேட் டி40 சாதா பார்ட்டிஷனே வைக்கலை. 'என் மொத்த அளவு இவ்வளவுதான்'னு வட்டையே பொய் சொல்ல வச்சு, கடைசிப் பகுதியில மறைச்சது. விசைப்பலகை மேல இருக்கிற நீலப் பொத்தானை அமுக்கினாதான் உள்ளே போக முடியும். டெல் கண்ட்ரோலும் எஃப் 11-ம், ஏசர் ஆல்ட்டும் எஃப் 10-ம். டெல், ஏசர் வழி ரெண்டும் வட்டோட முதல் செக்டார்ல உக்காந்திருந்த சின்ன நிரலை நம்பி இருந்துச்சு. உபுண்டு போட்டுப் பார்க்கலாம்னு ஆசைப்பட்டவங்க அந்தச் செக்டார்ல கிரப்பை எழுதிட்டாங்க. அதோட கீ செத்துச்சு. பார்ட்டிஷன் பத்திரமா உள்ளேயே இருக்கும், கதவுதான் இருக்காது. கதவைத் திரும்பப் பொருத்துறது எப்படின்னு, பார்ட்டிஷனோட வகை எண்ணை மாத்துறதுல இருந்து பழைய நிரலைத் திருப்பி எழுதுறது வரைக்கும், தோண்டிக் கண்டுபிடிச்சு எழுதி வச்சது பெரும்பாலும் நம்மள மாதிரி ஆர்வக் கோளாறுகள்தான்.

அப்பாவோட பொட்டியில கதவு சரியாத்தான் இருந்துச்சு. உள்ள இருந்த சரக்குதான் கெட்டுப் போச்சு. ஊருக்குப் போய் வட்டைக் கழட்டி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழுசா இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுத்தேன். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், நல்லதை எல்லாம் முதல்ல அள்ளிட்டு, அப்புறம் திரும்பி வந்து மல்லுக்கட்டும் அருமையான கருவி இது. ராத்திரி பூரா ஓடுச்சு. சி டிரைவுல கெட்டது விண்டோஸோட சில கோப்புகள் மட்டும். அப்பாவோட எழுபதும் தப்பிச்சது. ரெகவரி பார்ட்டிஷன்ல நடுவுல பத்துப் பதினஞ்சு செக்டார் போச்சு. அதுவே போதும், ஏன்னா இமேஜ்ங்கிறது ஒரே ஒரு சுருக்கின பெரிய கோப்பு. நடுவுல ஒரு கை மண் விழுந்தா சோறு முழுக்க வீண்தானே. இன்னொண்ணு, அந்தப் பகுதியைப் பதினேழு வருஷமா யாருமே படிக்கலை. ஒரு செக்டார் நலியுதுன்னு வட்டுக்குத் தெரியணும்னா அதைப் படிக்கணும். படிக்காத இடம் சத்தமில்லாம சாகும்.

அடுத்த கேள்வி, புது வட்டுல எதைப் போடுறது? லினக்ஸ் போடலாம்னு சொல்லுவீங்க. அப்பாவோட பழைய தட்டச்சு மென்பொருளும் அவரோட விரலும் விஸ்டாவுக்குப் பழகினது, வம்பு வேண்டாம். விஸ்டா டிவிடியில எல்லாப் பதிப்பும் ஒண்ணா இருக்கும், அதனால நண்பன்கிட்ட இருந்த தகடே போதும். சாவி? பொட்டிக்கு அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல ஒண்ணு இருக்கு, ஆனா தொழிற்சாலையில அதைப் பயன்படுத்த மாட்டாங்க. நிறுவனம் பூராவுக்கும் ஒரு பொதுச்சாவி, பயாஸ்ல ஒரு முத்திரை, வட்டுல ஒரு சான்றிதழ் கோப்பு. மூணும் பொருந்தினா இணையமே இல்லாம விண்டோஸ் ஒத்துக்கும். ஸ்டிக்கர் சாவிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எக்ஸ்பி காலத்துல, 2005 பிப்ரவரியில இருந்து, பெரிய நிறுவனங்களோட ஸ்டிக்கர் சாவியை இணையத்துல செயல்படுத்த விடாம, போன் பண்ணச் சொல்லிட்டாங்க.

முத்திரை மதர்போர்டுலயே இருக்கு. சான்றிதழையும் பொதுச்சாவியையும் பிரதியில இருந்து தோண்டி எடுத்தேன். ரெண்டு கட்டளை. ஒத்துக்கிச்சு! 2017-லயே விஸ்டாவுக்கு ஆதரவு முடிஞ்சதால வைஃபையை அணைச்சுட்டேன். கோப்பை எல்லாம் திருப்பிப் போட்டு, ரெண்டு பென் டிரைவுலயும் நகல் வச்சாச்சு.

2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப சாவியே ஒவ்வொரு பொட்டியோட ஃபர்ம்வேருக்குள்ள போயிடுச்சு. 2015-ல வந்த விண்டோஸ் 10 தனி இமேஜ் இல்லாம, தன்கிட்ட இருக்கிற கோப்புகளை வச்சே தன்னைத் திரும்பக் கட்டிக்கக் கத்துக்கிச்சு.

வேலை முடிஞ்சு காபி குடிக்கும்போது அப்பாகிட்ட கேட்டேன். "புதுசுல இதுல 'ரெகவரி டிவிடி எரிச்சு வச்சுக்கோங்க'னு ஒரு பெட்டி வந்திருக்குமேப்பா?"

"வந்துச்சுடா. தினமும் வந்துச்சு. நானும் தினமும் மூடிட்டுதான் இருந்தேன்."

"ஏம்ப்பா?"

"எரிக்கச் சொல்லுதேன்னு பயமா இருந்துச்சு."