லண்டன் பட்டமும் வீசாத் திகதியும்



"மகனை இஞ்சினியரிங் படிக்க லண்டனுக்கு அனுப்பலாமா சேர்?" என்று ஜும்ஆ முடிந்ததும் மாணவன் ஒருவனின் வாப்பா கேட்டார். நல்ல யுனிவர்சிட்டி எது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் சொன்னது சில திகதிகளை.

2004இல் பிரித்தானியாவில் விஞ்ஞானம், கணிதம், பொறியியல் படித்தவர்கள் போதவில்லை. அதனால் அந்தத் துறைகளில் அங்கு பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு வருடம் தங்கி வேலை செய்யலாம் என்றார்கள். கலைப் பட்டதாரிக்கு அது இல்லை. (விஞ்ஞானப் பிரிவுக்கு அங்கேயும் தனி மவுசுதான்!) 2007இல் எல்லாத் துறைகளுக்கும் கொடுத்தார்கள். 2008இல் இரண்டு வருடமாக்கினார்கள்.

2010இல் ஆட்சி மாறியது. நிகரக் குடிவரவை ஒரு இலட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்பது கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்குறுதி. தெரேசா மே உள்துறைச் செயலாளராக இருந்தபோது, 2012 ஏப்ரலில் இந்த வீசாவை நிறுத்தினார்கள்.

2010 செப்டம்பரில் மூன்று வருடப் படிப்புக்குச் சேர்ந்த பிள்ளையை யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் உழைத்துக் கடனை அடைக்கலாம் என்றுதான் போயிருப்பான். 2013இல் பட்டம் கையில் இருக்கிறது, வீசா இல்லை. தங்க வேண்டுமானால் அனுசரணை உரிமம் உள்ள கம்பனி ஒன்று, வருடம் குறைந்தது 20,300 பவுண் சம்பளத்தில் அவனை எடுக்க வேண்டும். பெரிய கம்பனிகளிடம் அந்த உரிமம் இருக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன சொப்ட்வெயார் கம்பனி அந்தச் செலவுக்கும் தொல்லைக்கும் ஏன் போகப்போகிறது? பிள்ளையின் கெட்டித்தனம் அந்த இடத்தில் எடுபடாது.

2021 ஜூலையில் மீண்டும் இரண்டு வருடம் கொடுத்தார்கள். கலாநிதிப் பட்டதாரிக்கு மூன்று. அதற்குப் பிறகு தங்குவதற்கான வேலை வீசாவின் பொதுச் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 ஆனது, 2025 ஜூலையில் 41,700. புதுப் பட்டதாரிக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அந்த இரண்டு வருடமும் 18 மாதமாகிறது.

இப்போது மூன்று வருடப் படிப்புக்குச் சேரும் பிள்ளை அந்த 18 மாதத்துக்குள்தான் வருவான். அதுவும் நடுவில் சட்டம் மாறாவிட்டால்.

காணியை ஈடுவைத்து அனுப்புவதாகத்தான் அந்த வாப்பாவின் திட்டம். மகன் பட்டத்தோடு நேரே ஊருக்குத் திரும்பி, இங்கத்தைய சம்பளத்தில் உழைத்தால் அந்தக் காணியை எத்தனை வருடத்தில் மீட்கலாம் என்று முதலில் கணக்குப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அடுத்த ஜும்ஆவுக்குச் சொல்வதாகப் போயிருக்கிறார்.