கைக்குறி மேற்கோள் (விக்கிப்பீடியா)

விக்கிக் கட்டுரைகளில் சான்றுக் குறிகளை மென்பொருளின் பொறுப்பில் விடாமல், தொகுப்பவரே பெயரிட்டு இணைக்கும் பழைய முறை. வரிகளுக்கு நடுவே ‘ரெஃப்’ வார்ப்புரு, கட்டுரையின் அடியில் ‘நோட்’ வார்ப்புரு. இரண்டிலும் ஒரே அடையாளப் பெயர் இருந்தால் சொடுக்கி மேலும் கீழும் போய்வரலாம். ஓரெழுத்து பிசகினாலும் இணைப்பு அறுந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை வரிசை. ஒரு பத்தியை இடம் மாற்றினால் போதும், மேலே 3 என்றிருப்பது அடிப்பட்டியலில் வேறு நூலைக் காட்டும். பட்டியல் முழுவதையும் கையாலேயே திரும்ப அடுக்க வேண்டும். 2005 டிசம்பரில் தானே எண்ணிடும் ‘சைட்’ நீட்சி வந்தபின் இம்முறை ஒதுங்கியது. அட்டவணைக் குறிப்புகளுக்கு எழுத்துக்குறி இட, ‘ரெஃப் லேபிள்’ வடிவில் இன்னும் தென்படுகிறது. புதிய கட்டுரைக்கு இதைத் தேர்வது வீண் உழைப்பு.