அம்மை குத்திய சாமியார்

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஓசூர் பஸ் நிலையத்தில் காவிச் சேலைகள் கண்ணில் படத் தொடங்கும். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள், கைக்குழந்தையோடு நேர்ச்சை செலுத்தப் போகும் தாய்மார்கள் என எல்லோருக்கும் சேருமிடம் ஒன்றுதான்: நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூரு சிவாஜிநகரில் இருக்கும் புனித மரியன்னை பேராலயம். ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறும். செப்டம்பர் 8-ல் தேர் ஓடும்.

அந்த ஆலயத்தின் 160 அடிக் கோபுரம் எழுந்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. ஆனால் கோபுரத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சிற்றாலயம் எழுப்பிய ஒருவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அவர் பெயர் அபே துபுவா.

பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த 1792-ல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர் ழான் அந்துவான் துபுவா. பாரிஸ் வேதபோதக சபைக் குரு. கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகால், மைசூர் மன்னர் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியதும் அதே 1792-ல்தான். ஓசூர் அப்போது மாறவில்லை. இன்னும் ஏழு ஆண்டுகள் மைசூரோடுதான் இருந்தது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபிறகு, சிதறிக் கிடந்த மைசூர் நாட்டுக் கத்தோலிக்கரை மறுபடி ஒன்றுசேர்க்கும் பொறுப்பு துபுவாவுக்கு வந்தது.

சிதறியதற்குக் காரணம் உண்டு. 1784-ல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்களைத் திப்பு ஆயிரக்கணக்கில் பிடித்து, மலைகளைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார். பலர் வழியிலேயே மடிந்தார்கள். கும்பினியை நடுங்க வைத்த வீரர் திப்பு என்பதில் ஐயமில்லை. அந்த வீரத்தைக் காட்டி இந்தக் கொடுமையை மறைக்க முடியாது.

துபுவா அங்கிக்குள் ஒளிந்துகொண்டு உபதேசம் செய்தவர் அல்லர். தலைப்பாகை கட்டினார், இந்த ஊர் உடையை உடுத்தினார், மக்கள் உண்டதை உண்டார். தமிழும் கன்னடமும் பேசினார். ஆனால் அவரை உண்மையில் சோதித்தது பெரியம்மை.

1802 ஜூன் 14-ல் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு வெற்றிகரமாக அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அதுதான் முதல். ஆங்கில மருத்துவர் ஜென்னர் கண்டுபிடித்த பசு அம்மைப் பால் அதன்பிறகு தெற்கே பரவியது. இன்றுபோல் அன்று குளிர்பதனப் பெட்டி கிடையாது. மருந்தைச் சுமந்தவை மனிதக் கைகள்தான். ஒரு குழந்தையின் கையில் கீறிவிடுவார்கள். எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் முத்தும். அதைக் குத்தி நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவார்கள். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த வட்டாரத்தில் மருந்தே இல்லை.

அம்மை என்றால் மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை செருகிய வீடுகள் அவை. அந்த வாசலில் போய், ‘நோய் வருமுன்னே குழந்தையின் கையைக் கீறுகிறேன்’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதோடு, வேறு சாதிக் குழந்தையின் கொப்புளத்து நீரைத் தன் குழந்தைக்கு ஏற்ற எந்தத் தாய் எளிதில் இசைவாள்? சர்க்கார் உத்தரவுக்குத் திறக்காத கதவுகள் அவை. துபுவா மேற்கொண்ட அம்மை குத்தும் பணியில் 1803-04 வாக்கில் பதினெட்டு மாதங்களுக்குள் பதிவேட்டில் ஏறியவர்கள் 25,432 பேர். படைத்தளபதிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்த நாடு, இந்த எண்ணையும் எங்காவது வெட்டி வைத்திருக்க வேண்டும்.

அவர் எழுதிய புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய மக்களின் பழக்கவழக்கங்களை விவரிக்கும் கையெழுத்துப் பிரதியைக் கும்பினி அரசு 2,000 நட்சத்திரப் பகோடா நாணயங்கள் கொடுத்து வாங்கியது. 1816-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்த நூல், வெள்ளை அதிகாரிகளுக்கு இந்தியாவைக் காட்டும் கண்ணாடியாகவே ஆனது. அதன் பெரும்பகுதி கேர்து என்ற முன்னோடி சேசு சபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பதை 1987-ல் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர் நிறுவினார். பெயர் சொல்லாமல் எடுத்தது தவறுதான். நூலாசிரியர் துபுவாவின் புகழ் இதனால் குறைகிறது. வாசல் வாசலாக ஏறிய துபுவாவின் புகழ் குறையவில்லை.

இனி ஆலயம். செஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளையரிசி பயிரிட்ட இடம் அது என்பது ஆலய மரபு. 1809-ல் ஆங்கிலேயரின் படைமுகாமான தண்டு பெங்களூருக்கு வந்தபின், பட்டாளத்தோடு பிழைப்புத் தேடித் தமிழர்கள் மேலும் வந்து சேர்ந்தார்கள். 1818-ல் துபுவா அங்கே காணிக்கை மாதா பெயரில் சிற்றாலயம் கட்டினார். 1823-ல் தாய்நாடு திரும்பினார். பாரிஸில் தம் சபைக்கே தலைவரானார். 1848-ல் மறைந்தார்.

அவர் போன ஒன்பதாம் ஆண்டில், 1832 கலவரத்தில், சிற்றாலயம் சேதமுற்றது. பின்னர் புதுச்சேரியிலிருந்து வந்த ஆந்திரேயா சாமியார் அதைச் சிலுவை வடிவில் விரித்துக் கட்டினார். அவருக்குப் பின் வந்தவர் கிளைனர் சாமியார், பிற்காலத்தில் மைசூர் ஆயரானவர். 1875-ல் தொடங்கிய அவருடைய கோத்திக் ஆலயம் 1882 செப்டம்பர் 8-ல், மாதா பிறந்தநாளன்று, அர்ச்சிக்கப்பட்டது. கூர்முனை வளைவுகள், கொரிந்தியத் தலை வைத்த தூண்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் ஐரோப்பிய வேலை. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, 1947-ல் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் வழிபாட்டின் நடுநாயகமாக நிற்கும் ஆறடி மாதா சேலைதான் உடுத்துகிறாள். தமிழ்த் திருப்பலி அங்கே இன்றும் உண்டு. 1973-ல் ஆறாம் பவுல் பாப்பரசர் ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு எல்லைக்கோடு பின்னால் வந்த சங்கதி. 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பங்குகள் இன்று 1997-ல் பிறந்த தருமபுரி மறைமாவட்டத்தில் இருக்கின்றன. நிர்வாகம் இப்படிப் பிரிந்தும், செப்டம்பர் பயணம் அதே திசையில்தான்.

கோபுரத்தின் கட்டுமானக் கணக்குக்குள் நுழைய இந்த வாரம் இடம் போதவில்லை. 1898-ல் பெங்களூரைப் பிளேக் பிடித்தபோது அந்தக் கோபுர நிழலில் கூடியவர்கள் யார், மாதாவுக்கு ஆரோக்கிய அன்னை என்ற பெயர் ஏன் அங்கே அப்படி வேரூன்றியது என்பதையும் சேர்த்து அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)