ஒரு துப்பாக்கியின் உரிமை வரலாறு

பழந்துப்பாக்கி யொன்றைக் காட்டி, "இஃது இன்ன பாளையக்காரர் ஏந்தியது, இன்ன நவாபு பரிசளித்தது" என்று முதியோர் உரைக்க யாம் பன்முறை கேட்டுள்ளோம். கேட்குந்தோறும் எம்முள்ளத் தெழும் வினா ஒன்றே: அவ்வுரிமையை எதனாற் கண்டீர்? வாய்வழிச் செய்தியை யாம் இகழ்வேமல்லேம். அது வழக்கில் ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பாகாது என்பதே எம் கருத்து. திப்பு சுல்தானுடையனவென்று சொல்லப்படுவன யாவும் மெய்யாயின், சீரங்கப்பட்டணத் தீவு முழுதும் ஆயுதசாலையாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அம்மன்னனது என்ற பெயருடன் 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலே ஒரு துப்பாக்கி ஏலத்திற்கு வந்தது. அது வெள்ளிப்பூண் இட்டது. சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதத் தீப்பொறி எழுந்து வெடிப்பது. பயனெட் என்னும் குத்தீட்டியும் உடன் அமைந்தது. அதன் குழல் 20 போர் அளவினது. ஓர் இராத்தல் ஈயத்தை 20 உருண்டைகளாகச் செய்தால், அவற்றுள் ஒன்று செல்லத்தக்க அகலமே 20 போர் எனப்படும். வேட்டைத் துப்பாக்கிகளை இன்றும் இக்கணக்கினாலேயே அளக்கின்றனர்.

இத்தகைய கருவி திப்புவின் பட்டறைகளிற் பிறந்ததென அறிதற்கு அடையாளங்கள் உள. புலித்தலை முத்திரை, புலிவரி வேலைப்பாடு, தந்தை ஹைதரின் பெயர் அமைந்த குறி ஆகியன அவை. ராபின் விகிங்டன் என்பார் இவ்வரசனுடைய துப்பாக்கிகளைப் பற்றித் தனிநூலே 1992-இல் வெளியிட்டார். ஆயினும் ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. சாதாரணப் போர்வீரன் சுமந்த துப்பாக்கியிலும் புலிக்குறி உண்டு. அரசன் பட்டறைப் பொருள் வேறு, அரசன் கைப்பொருள் வேறு. குறி பட்டறையைக் காட்டும். வெள்ளிப்பூணும் நுண்வேலையுமே உடையவனது நிலையைக் காட்டும்.

இனி, ஆண்டுக்குறியிற் பலர் இடறுவர். திப்பு ஹிஜிரி ஆண்டை விடுத்து, நபிகள் நாயகத்தின் பிறப்பினின்று எண்ணும் மௌலூதி ஆண்டைத் தானே வகுத்து வழங்கினான். அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்லினும் எண்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படுவது உலக வழக்கு. அவனோ எண்களையும் வலமிருந்தே எழுதச் செய்தான். நாணயங்களிலும் இதனைக் காணலாம். 1222 என்பது ஒரு துப்பாக்கியிற் பொறிக்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். வழக்கம்போற் படிப்பவன் 2221 என்று படித்துத் திகைப்பான். திருப்பிப் படிக்கத் தெரிந்தவனும் அதனை ஹிஜிரி எனக் கொண்டால், 1807-ஆம் ஆண்டை யொட்டி முடிப்பான். திப்பு மாண்டது 1799-இல் அன்றோ! எனவே மெய்ப்பொருளைப் போலியென்று தள்ளிவிடுவான். மௌலூதி ஆண்டோடு 572 கூட்டின் 1794 எனக் கிடைக்கும், ஐயம் அகலும். எண் படிக்கத் தெரியாமையால் ஓர் அரசனது உடைமை உரியவன் பெயரை இழப்பது சிறு பிழையன்று.

அடுத்தது கைமாறிய வழி. 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு அன்றே போரில் மடிந்தான். அவ்விரவு நகரிற் கொள்ளை நிகழ்ந்தது. பின்னர் எஞ்சிய பொருள்கள் படையினர்க்குக் கொள்ளைப் பங்காகப் பிரிக்கப்பட்டன. மைந்தரை வேலூர்க் கோட்டையிற் காவலில் வைத்தனர். கும்பினியாரின் படையில் மேஜராயிருந்த தாமஸ் ஹார்ட் என்பவர் கொணர்ந்தனவாக இத்துப்பாக்கியும் வேறு சில ஆயுதங்களும் ஏலத்தார் ஏட்டிற் குறிக்கப்பட்டுள்ளன. பெர்க்ஷயர் நாட்டிலுள்ள ஒரு குடும்பத்தார் வீட்டு மேன்மச்சில் அவை கிடந்தன. அவற்றின் பெருமையை அவர்கள் உணர்ந்திலர்.

துப்பாக்கியின் இடப்புறத்தே குண்டு பட்ட வடு உண்டு. அதனைச் செப்பஞ் செய்தாரில்லை. போர்க்களத்தினின்று எடுத்ததாயிருக்கலாம் என்பதற்கு ஏலத்தார் இவ்வடுவையே காட்டினர். அவ்வளவும் பொருந்தும். ஆனால் அக்குண்டு பட்டபோது அதனை ஏந்தி நின்றவன் திப்புவே என்று ஒருவர் மேலும் செல்வாராயின், யாம் உடன்படோம். சுல்தானது ஆயுதசாலைப் பொருளைக் காவலன் ஒருவனும் ஏந்தியிருக்கக் கூடும். வடு போரைச் சொல்லும். ஏந்திய கையைச் சொல்லாது.

ஏலத்தில் 14 கேள்விகள் எழுந்தன. இறுதியில் 60,000 பவுனுக்கு அது விலைபோயிற்று. உடன் வந்த பொன்வேலைப்பாடுடைய வாளுக்கும் அதன் கச்சைக்கும் கிடைத்தது 18,500 பவுனே.