யட்சியின் தலையும் ஃபெலுதாவின் சினமும்: ஒரு மறுவாசிப்பு

சென்ற விடுமுறையில் கரக்பூர் வீட்டைக் காலிசெய்தபோது, பரணில் இருந்த தகரப் பெட்டியில் என் வங்கமொழிப் புத்தகங்கள் அகப்பட்டன. தந்தையின் ரயில்வே பணி காரணமாக அவ்வூரில் வளர்ந்தவன் நான். தமிழை வீட்டிலும் இந்தியையும் ஆங்கிலத்தையும் பள்ளியிலும் கற்றேன். வங்கமொழி எனக்கு இரு வழிகளில் வந்தது: ஒன்று, பக்கத்துக் குடியிருப்பு அக்கா, மற்றொன்று, சத்யஜித் ராயின் ஃபெலுதா துப்பறியும் வரிசை. பெட்டியின் மேலாகக் கிடந்த நூல் 'கைலாஷே கேலெங்காரி'. பதினோரு வயதில் ஒரே இரவில் படித்து முடித்ததை இப்போது மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டு படித்தேன். அந்த மூன்று நாட்களில் எழுந்த எண்ணங்களே இப்பதிவு.

வரிசையை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய சிறுவர் இதழ் 'சந்தேஷ்'. நின்றுபோயிருந்த அவ்விதழை 1961-இல் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் மீண்டும் கொண்டுவந்தனர். ஃபெலுதா முதன்முதலாக 1965-இல் அதில்தான் தோன்றினார். 'தா' என்பது 'தாதா', அதாவது அண்ணன் என்னும் சொல்லின் குறுக்கம். கதையைச் சொல்பவன் தம்பி முறையான தொப்ஷே. ஆகவே வாசிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் அண்ணனாகிவிடுகிறார். 1970 முதல் இக்கதைகள் பெரியவர்களுக்கான 'தேஷ்' இதழின் பூஜை மலரிலும் வரத் தொடங்கின. ஒரே மலரைத் தந்தையும் மகனும் போட்டியிட்டுப் படித்தனர்.

1973-இல் வெளிவந்த இக்கதையின் தலைப்பில் உள்ள 'கேலெங்காரி', நாம் 'களங்கம்' என வழங்கும் வடசொல்லின் வழியே பிறந்த பேச்சுவழக்கு. அவக்கேடு, மானக்கேடு என்ற பொருளில் ஆள்வார்கள். கதை எளியது. புவனேசுவரத்தின் ராஜாராணி கோயில் சுவரிலிருந்து ஒரு யட்சியின் தலை பெயர்க்கப்பட்டு, ஓர் அமெரிக்கருக்கு விற்கப்படுகிறது. அதைக் கண்டுகொண்ட சித்து ஜ்யாட்டா ஃபெலுதாவிடம் கொதிப்போடு வருகிறார். ('ஜ்யாட்டா' என்றால் பெரியப்பா. ஆங்கிலத்தின் 'அங்கிள்' தொலைத்துவிடும் மூப்பைத் தமிழ் அப்படியே காக்கிறது.) துப்பறிதல் எல்லோராவின் கைலாசநாதர் குடைவரைக்கு நகர்கிறது.

சிறுவனாக நான் இதில் கண்டது துரத்தலையும் மாறுவேடத்தையும் மட்டுமே. இன்று படிக்கையில் முதலில் உறுத்துவது, வழக்கமாகத் துப்பறியும் கதைக்குள் இருக்க வேண்டிய ஒருவர் இதில் இல்லாமை. பணப்பெட்டியைப் பறிகொடுத்த செல்வந்தரோ மிரட்டல் கடிதம் பெற்ற முதியவரோ கதவைத் தட்டவில்லை. பொருளை இழந்தவர் எவர் என்பதே தெளிவில்லாத ஒரு திருட்டு. ஆயினும் ஃபெலுதாவின் சினம் வேறு கதைகளில் காணாத அளவுக்கு எரிகிறது. யாருக்காக இந்தச் சினம்?

விடை தேட, கதை எழுதப்பட்ட ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். தொல்பொருள் ஏற்றுமதிக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டமே அதுவரை காவல், அது போதவில்லை. 1970-இல் யுனெஸ்கோ, பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. 1972-இல் நம் நாடாளுமன்றம் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் அது நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரலில்தான். யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு இந்தியா இசைவளித்ததோ 1977-இல். சட்டம் எழுதப்பட்டும் உயிர்பெறாதிருந்த அந்த இடைவெளியில்தான் ராய் இக்கதையை எழுதினார். நான் கற்பனை என்று நினைத்தது அன்றைய நாளேட்டுச் செய்திக்கு மிக அருகில் இருந்தது.

எவ்வளவு அருகில் என்பதற்குத் தஞ்சைப் பகுதியின் சிவபுரமே சான்று. அங்கு 1951-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளுள் நடராசர் ஒன்று. பழுதுபார்க்க 1950களில் அனுப்பப்பட்டபோது, அசலுக்குப் பதிலாக நகல் கோயிலுக்குத் திரும்பியது. கோயிலில் இருப்பது போலி என்பதை ஆங்கிலேயக் கலை வரலாற்றாளர் டக்ளஸ் பாரெட் 1965-இல் எழுத்தில் வெளிப்படுத்தினார். அசலோ கைமாறிக் கைமாறிக் கலிபோர்னியாவின் நார்டன் சைமனிடம் சேர்ந்தது. 1973-இல் அது பெரும் சர்ச்சையாக வெடித்தது. நீண்ட இழுபறிக்குப் பின் 1986-இல் நடராசர் நாடு திரும்பினார். அதாவது, வங்கத்துச் சிறுவர்கள் யட்சியின் தலைக்காகப் பதைத்த அதே ஆண்டில், தமிழகத்து இறைவர் ஒருவர் அயல்நாட்டில் உடைமைப் பொருளாக இருந்தார்.

ஆனால் இவ்விரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் கதையின் எல்லையும் புலப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டின் ராஜாராணி கோயிலில் இன்று கருவறைத் தெய்வம் இல்லை. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னம். எல்லோராவும் அத்தகையதே. எனவே ராயின் கதையில் களவு போவது 'கலை', இழப்பவர் 'நாடு'. அந்த இழப்பை உணர்பவர்கள் நூலறிவு மிக்க நகரத்து ஆண்கள். (இவ்வரிசையில் பெண்கள் ஏறத்தாழ இல்லை என்பதும் இம்முறைதான் என்னை உறுத்தியது.) அச்சுவரின் நிழலில் வாழும் ஊரார் என்ன நினைத்தனர் என்று கதை கேட்பதில்லை.

மற்றொரு வழக்கு இக்கேள்வியை வேறு திசைக்குத் திருப்பியது. 1976-இல் தமிழகத்தின் பத்தூரில் தோண்டி எடுக்கப்பட்ட நடராசர் லண்டனுக்குக் கடத்தப்பட்டார். அங்கு நடந்த வழக்கில், பாழடைந்த அச்சிற்றூர்க் கோயிலே உரிமை கோர முடியும் என 1988-இல் தீர்ப்பாயிற்று. 1991-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. திருமேனி திரும்பியது. ஃபெலுதாவின் கதையில் இல்லாத அந்த ஒருவர், பொருளை இழந்தவர், இங்கு நீதிமன்றத்திலேயே நின்றுவிட்டார்: ஊர், அதன் கோயில், அதன் தெய்வம்.

இவற்றை அறிந்த பின் என் இளமைக்கால நாயகர் சிறுத்துவிட்டாரா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை என்பதே விடை. சட்டம் உறங்கிய காலத்தில், விலை மதிக்கத் தெரியாத வயதினரிடம், ஒரு கல் தலையை அதன் உடலிலிருந்து பிரிப்பது கொலைக்கு நிகர் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சினம் அறிவுக்கு முன்பே எனக்குள் புகுந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் 'கிடைத்த இடம்: தெரியவில்லை' என்ற அட்டையைக் காணும்போதெல்லாம் இன்றும் கால் நின்றுவிடுகிறதே, அது முனைவர் பட்டப் பயிற்சி தந்ததன்று, பதினோரு வயதின் கொடை. 'யாருடையது?' என்ற கேள்வியை மட்டும் நானாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புத்தகத்தைப் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. அக்காவின் மகளுக்கு இப்போது பத்து வயது, அவளுக்கு அனுப்பிவிட்டேன். முன்னுரை எதுவும் எழுதி வைக்கவில்லை. முதலில் அவள் பதைக்கட்டும். கேள்விகள் பின்னால் வரும்.